அம்மாவின் கைக்கு ஏற்ற ஹோஸ் நொசில்: நாமே வடிவமைத்துச் செய்வது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறிய இடத்தில் அம்மா நாற்பதுக்கு மேல் சட்டி வைத்திருக்கிறா. அந்தூரியம், குரோட்டன், கறிவேப்பிலை, இரண்டு தேசிக்காய். ஒரு நாள் ஹோஸை எடுத்தபோது நொசிலின் பிடியில் பழைய சேலைக் கரைத் துணி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. தண்ணீரைத் திறக்க விரலால் அமத்தும் விசையை அமத்தியபடியே அது கட்டப்பட்டிருந்தது. "எந்நேரமும் அமத்திப் பிடிக்க ஏலாது தம்பி, பெருவிரல் அடியிலை குத்துது" என்றா. அதனால் டெப்பைத் திறந்த கணத்திலிருந்து மூடும் வரை தண்ணீர் நிற்காமல் ஓடியது. சட்டிக்குச் சட்டி நடக்கும்போது சீமெந்துத் தரைக்கும் தண்ணீர் போனது.

எனக்கு வேண்டிய முதல் தகவல் அந்தத் துணியிலேயே இருந்தது. அம்மாவுக்கு விதம்விதமாகத் தண்ணீர் தெளிக்கும் நொசில் தேவையில்லை. திறந்தால் திறந்தபடி நிற்க வேண்டும், மூடினால் மூடியபடி நிற்க வேண்டும், நடுவில் கை சும்மா இருக்க வேண்டும். பிடித்துக்கொள்வதும் திறந்து வைப்பதும் வெவ்வேறு வேலைகள். கடையில் விற்கும் துப்பாக்கி வடிவ நொசில் இரண்டையும் ஒரே கையின் ஒரே பிடியில் போட்டுவிடுகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டையும் பிரிப்பதைப் பற்றித்தான்.

இதற்கு எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை. ஒரு வாளி, மணிக்கூடு, அளவு நாடா, ஒரு சனிக்கிழமை காலை போதும்.

முதலில் கையைப் பாருங்கள்

யாருக்காகச் செய்கிறீர்களோ அவர் தண்ணீர் விடும்போது பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். எந்தக் கையில் பிடிக்கிறார், எத்தனை தடவை கை மாற்றுகிறார், மணிக்கட்டு எப்போது வளைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மா பதினைந்து நிமிடத்தில் ஒன்பது தடவை கை மாற்றினா. தரையிலுள்ள சட்டிகளுக்கு விடும்போது மணிக்கட்டு கீழ்நோக்கி மடிந்தது. தொங்கும் சட்டிகளுக்கு விடும்போது முழங்கை தோளுக்கு மேலே போனது. மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கு இரண்டுமே வலிக்கும்.

அடுத்து, கையில் இருக்கும் நொசிலின் விசைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அளவுங்கள். விசை மேல்பக்கம் வருமாறு நொசிலைத் தலைகீழாக இரண்டு கதிரைகளுக்கு நடுவில் கட்டி, டெப்பைத் திறந்துவிடுங்கள். விரல் படும் இடத்தின் குறுக்கே ஒரு ஷொப்பிங் பையின் காதைப் போட்டு, பை கீழே தொங்கட்டும். தண்ணீர் நிரப்பிய அரை லீட்டர் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வையுங்கள். ஒவ்வொரு போத்தலும் அரைக் கிலோ. எத்தனையாவது போத்தலில் விசை முழுவதும் அமர்கிறதோ அதுதான் உங்கள் அளவு. எங்கள் நொசிலுக்கு ஐந்து போத்தல் தேவைப்பட்டது, இரண்டரைக் கிலோ. துணி கட்டுவதற்கு முன் அம்மா அதைக் கால் மணி நேரம் விடாமல் அமத்திக்கொண்டிருந்திருக்கிறா.

ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரவிதிகள் கதவுப் பிடி, டெப் போன்றவற்றுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு கையால் இயக்க முடிய வேண்டும். இறுக்கிப் பிடிக்கவோ, கிள்ளவோ, மணிக்கட்டைத் திருகவோ தேவைப்படக் கூடாது. வேண்டிய பலம் ஏறத்தாழ 2.3 கிலோவைத் தாண்டக் கூடாது. அது ஒரு கணம் தள்ளிவிட்டுக் கையை எடுக்கும் பொருட்களுக்கு. நொசிலைப் போல நீண்ட நேரம் கையில் இருக்கும் ஒன்றுக்கு அந்த அளவே அதிகம். நான் வைத்த இலக்கு, திறக்கும்போது ஒரு கிலோவுக்குள், திறந்த பின் பூச்சியம்.

தாங்கியின் உயரம்தான் பாதிக் கதை

வெளிநாட்டிலிருந்து வரும் நொசில்களில் பெரும்பாலானவை 2 முதல் 4 பார் அழுத்தத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கொழும்பில் நிறைய வீடுகளில் தோட்டத்து டெப்புக்கு வருவது சிலாப்புக்கு மேலே உள்ள தாங்கித் தண்ணீர். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும். தாங்கியின் நீர்மட்டம் உங்கள் கையிலிருந்து 6 மீட்டர் மேலே என்றால் கிடைப்பது 0.6 பார்தான்.

உங்கள் டெப் எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம். தாங்கியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வைப் பூட்டிவிட்டுத் தோட்டத்து டெப்பைத் திறவுங்கள். தொடர்ந்து தண்ணீர் வந்தால் அது வீதிக் குழாயிலிருந்து நேராக வருகிறது. நின்றுவிட்டால் தாங்கியிலிருந்து வருகிறது. தொடர்மாடியில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. மேல் மாடிகளில் அழுத்தம் கூட்டும் பம்ப் இருக்கலாம். கீழ் மாடிகளில் கட்டட உச்சியிலுள்ள தாங்கியின் முழு உயரமும் சேர்ந்து அழுத்தம் நன்றாக இருக்கும்.

இப்போது வாளியை எடுங்கள். நொசிலைக் கழற்றிவிட்டு, ஹோஸ் முனையை நீங்கள் பிடிக்கும் உயரத்தில் வைத்து, பத்து லீட்டர் நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். பூச்சட்டிகளுக்கு நிமிடத்துக்கு 8 லீட்டர் தாராளம். அதாவது வாளி 75 செக்கனில் நிரம்ப வேண்டும். நொசில் மாட்டினால் வேகம் இன்னும் குறையும் என்பதால், வெறும் ஹோஸில் 50 செக்கனுக்குள் நிரம்பினால் நிம்மதி.

நிரம்பவில்லையா? நொசிலைத் திட்டுவதற்கு முன் ஹோஸைப் பாருங்கள். அரை இஞ்சி ஹோஸ் 15 மீட்டர் நீளம், நிமிடத்துக்கு 8 லீட்டர் என்று வைத்தால், உராய்வில் மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தின் அழுத்தம் தொலைந்துபோகும். டெப்பிலும் வளைவுகளிலும் இன்னொரு மீட்டர் போகலாம். ஆறில் மூன்று போயிற்று. அதே நீளத்தில் முக்கால் இஞ்சி ஹோஸ் என்றால் உராய்வில் போவது கால் மீட்டர் அளவுதான். ஆனால் முக்கால் இஞ்சி ஹோஸ் பாரம். ஒரு மீட்டரில் அதற்குள் இருக்கும் தண்ணீர் மட்டும் 280 கிராம், அரை இஞ்சியில் 120 கிராம். வயதானவர் இழுக்கப் போகிறார் என்றால் நான் சொல்வது இதுதான்: டெப்பிலிருந்து தோட்டத்தின் நடுப்பகுதி வரை முக்கால் இஞ்சியை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். கையில் வரும் கடைசி ஐந்து மீட்டர் மட்டும் அரை இஞ்சியாக இருக்கட்டும்.

இந்த அழுத்தக் கணக்கில் இன்னொரு சங்கதியும் வெளிவருகிறது. விசை ஏன் அவ்வளவு கடினம்? துப்பாக்கி நொசிலின் உள்ளே ஒரு சிறு மூடி இருக்கிறது. விசை அதைத் தண்ணீருக்கு எதிராகப் பின்னால் இழுக்கிறது. மூடியின் விட்டம் 10 மி.மீ. என்றால், 3 பார் அழுத்தத்தில் தண்ணீர் அதை 2.4 கிலோ பலத்தோடு மூடித் தள்ளும். நம் 0.6 பாரில் அது அரைக் கிலோதான். அப்படியென்றால் எங்கள் வீட்டு நொசிலில் அம்மா போராடியது தண்ணீரோடு அல்ல, ஸ்பிரிங்கோடு. பெரிய அழுத்தத்துக்குப் போட்ட ஸ்பிரிங் சிறிய அழுத்தத்து வீட்டுக்கு வந்துவிட்டது. உங்கள் நொசிலை ஸ்குரூ கழற்றித் திறக்க முடிந்தால், மெல்லிய கம்பியாலான ஸ்பிரிங் ஒன்றை மாற்றிப் போட்டாலே பாதி வலி போய்விடும். துருப்பிடிக்காத இரும்பு ஸ்பிரிங்காக வாங்குங்கள். கடற்கரைப் பக்கம் சாதாரண ஸ்பிரிங் நீண்ட நாள் நிற்காது.

எந்த வால்வு

சந்தையில் நான்கு வகை உண்டு. விசையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதை அமத்திய நிலையில் பூட்டி வைக்கும் சின்னக் கம்பிக் கொக்கி நல்ல எண்ணம்தான், ஆனால் ஈரக் கையால் அதைப் போடவும் எடுக்கவும் நகத்தால் கிள்ள வேண்டும். எங்களுடையதில் அந்தக் கொக்கி மூன்றாம் மாதமே உடைந்தது. முன்பகுதியைத் திருகித் திறக்கும் பித்தளை நொசில் பல வருடம் உழைக்கும். ஆனால் இரண்டு கையும், மணிக்கட்டுத் திருகலும் வேண்டும், அதிலும் கை சோப்பாக இருந்தால் வழுக்கும். பெருவிரலால் முன்னும் பின்னும் தள்ளும் வகை இப்போது வருகிறது. கை நலமாக உள்ளவர்களுக்கு அதுவே சிறந்தது என்பேன். ஆனால் பெருவிரல் அடி மூட்டில் வலி உள்ளவருக்கு அந்த விரலிலேயே முழு வேலையையும் கொடுப்பது சரியல்ல.

நான் தேர்ந்தது நான்காவது, கால் சுற்றில் திறக்கும் பந்து வால்வு. வீட்டுக் குழாய்களில் இருக்கும் அதே அரை இஞ்சிப் பித்தளை வால்வுதான், நீளக் கைப்பிடி உள்ளது. வண்ணத்துப்பூச்சி மாதிரிச் சின்னக் காது உள்ளதை வாங்க வேண்டாம், அதைக் கிள்ளித்தான் திருப்ப வேண்டும். நீளக் கைப்பிடியை உள்ளங்கையின் ஓரத்தால் தள்ளலாம், புறங்கையாலும் தள்ளலாம், விரல் மடிக்கத் தேவையே இல்லை. கைப்பிடியின் நீளம் மூன்று மடங்கானால் வேண்டிய பலம் மூன்றில் ஒன்றாகும். திறந்து விட்ட இடத்தில் அது நிற்கும். பாதி திறந்தால் பாதித் தண்ணீர். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கண் மங்கியவர் தடவியே தெரிந்துகொள்ளலாம்.

பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போனால் ஒரே மாதிரித் தெரியும் நாலைந்து வால்வுகளை மேசையில் எடுத்துப் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திருப்பிப் பாருங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் கையில் நன்றாகவே தெரியும். பிவிசி வால்வு பாரமில்லாதது, ஆனால் நான் தொட்ட பலவும் இறுக்கமாக இருந்தன. பித்தளை வால்வு ஏறத்தாழ 200 கிராம் வரும், அதனால் எங்கே பொருத்துகிறோம் என்பது முக்கியம். நான் அதைக் கைக்குப் பின்னால், ஹோஸ் பக்கமாக வைத்தேன். முன்னால் நீளும் குழாயின் பாரத்தை அது சமப்படுத்துகிறது. முன்னால் வைத்துப் பார்த்தபோது மூக்கு கீழே தொங்கி மணிக்கட்டை இழுத்தது.

மரை விஷயத்தில் ஏமாறாதீர்கள்

இங்கே குழாய்ச் சாமான்களில் இருப்பது பிரிட்டிஷ் குழாய் மரை. அரை இஞ்சி ஆண் மரையின் வெளிவிட்டம் 20.96 மி.மீ., முக்கால் இஞ்சியினது 26.44 மி.மீ. இரண்டிலும் ஓர் இஞ்சிக்கு 14 வரி. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மாமாவோ சித்தியோ பெட்டியில் கொண்டுவரும் நொசிலில் இருப்பது வேறு மரை. விட்டம் 26.99 மி.மீ., ஓர் இஞ்சிக்கு பதினொன்றரை வரி. முக்கால் இஞ்சி டெப்பில் வைத்தால் பொருந்துவது போலத் தெரியும், ஒன்றரைச் சுற்றுப் போகும், அப்புறம் சிக்கிக்கொள்ளும். குறடு போட்டு இறுக்கினால் இரண்டு மரையும் கெடும். அளவு நாடாவை மரைமேல் வைத்து ஓர் இஞ்சிக்குள் எத்தனை வரி என்று எண்ணினாலே தெரிந்துவிடும்.

டக்கென்று பூட்டும் பிளாஸ்டிக் இணைப்புகள் இந்தத் தலைவலிக்கு நல்ல மருந்து. ஜேர்மனியின் கார்டேனா 1968இல் கொண்டுவந்த முறை அது. இன்று யார் செய்தாலும் அநேகமாக அதே அளவில்தான் செய்கிறார்கள், அதனால் ஒன்றுக்கொன்று பொருந்தும். டெப் பக்கத்தில் ஒன்று போடுங்கள். கைப் பக்கத்தில் நான் போடவில்லை, நேரடியாகக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டேன். கழற்றத் தேவையில்லாத இடத்தில் கழற்றும் வசதி வைத்தால் அது ஒழுகுவதற்கான இடம்தான்.

செய்யும் முறை

சாமான் பட்டியலைக் கடையில் சொல்ல இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: அரை இஞ்சி ஹோஸ் நிப்பிள் ஒன்று, ஹோஸ் கிளிப் ஒன்று, நீளக் கைப்பிடி உள்ள அரை இஞ்சிப் பித்தளை பந்து வால்வு ஒன்று (இரண்டு பக்கமும் பெண் மரை), அரை இஞ்சி வால்வ் சொக்கட் (ஒரு பக்கம் ஆண் மரை, மறுபக்கம் பிவிசி பைப்பைச் சொருகும் வாய்) இரண்டு, அரை இஞ்சி பிவிசி பைப் ஒரு மீட்டர், 45 பாகை வளைவு ஒன்று, த்ரெட் சீல் (ஒழுகாமலிருக்க மரையில் சுற்றும் நாடா) ஒரு சுருள், சின்ன டின் பிவிசி கம், அரை இஞ்சி மரை உள்ள பிளாஸ்டிக் ஷவர் தலை ஒன்று. கூடவே சைக்கிள் கடையில் ஒரு சோடி ஹேண்டில் கிரிப்.

ஷவர் தலையை ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். தோட்டத்து நொசிலின் தலை பெரிய அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. 3 பாரில் நிமிடத்துக்கு 8 லீட்டர் விட 1 மி.மீ. துளை பதினொன்று போதும். நம் ஹோஸ் முனையில் மிஞ்சும் 0.3 பாரில் அதே தண்ணீருக்கு 34 துளை வேண்டும். பதினொரு துளைத் தலையை நம் வீட்டில் மாட்டினால் நூல் நூலாக வடிவதற்குக் காரணம் இதுதான். குளியலறை ஷவரோ தாங்கித் தண்ணீரிலேயே நன்றாக வேலை செய்யும், மரையும் ஒத்துப்போகும், கழற்றிக் கழுவவும் முடியும். ரப்பர் முனை உள்ள தலை இன்னும் நல்லது, விரலால் தேய்த்தாலே அடைப்புப் போகும். துளைகள் மிக அதிகமாக இருந்தால் தண்ணீர் பாயாமல் ஓரமாக வடியும். அப்படியானால் வெளிவட்டத்தைச் சிலிக்கன் பூசி அடைத்துவிடுங்கள். எண்ணி, 1 மி.மீ. துளைகள் நாற்பது அளவில் வரும்படி வையுங்கள்.

இனி பொருத்துவோம். பைப்பில் 60 செ.மீ. ஒன்றும், 8 செ.மீ. ஒன்றும் வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தின் பிசிறை மண்தாளால் தேயுங்கள், அது உள்ளே போனால் துளையை அடைக்கும். கம் பூசுவதற்கு முன் எல்லாவற்றையும் வெறுமனே சொருகி, உரியவர் கையில் கொடுத்துப் பாருங்கள். 60 செ.மீ. என்பது அம்மாவின் உயரத்துக்கு வந்தது. தரையிலுள்ள சட்டிக்கு முதுகு வளையாமலும், தொங்கும் சட்டிக்குக் கை தோளுக்கு மேல் போகாமலும் இருக்கும் நீளம் எதுவோ அதுவே சரியான நீளம். 45 பாகை வளைவு இருப்பதால் கீழே பார்த்து விடும்போது மணிக்கட்டு நேராக இருக்கும். குழாயைச் சுற்றித் திருப்பினால் அதே வளைவு மேலே பார்க்கும்.

கிரிப்பைப் போடுவது கம் பூசுவதற்கு முன். மறந்தால் அப்புறம் ஏறாது. அரை இஞ்சி பிவிசி பைப்பின் வெளிவிட்டம் சைக்கிள் ஹேண்டிலை விடக் கொஞ்சம் குறைவு, எனவே இன்சுலேஷன் டேப் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் கிரிப் இறுக்கமாக ஏறும். மூடிய பக்கத்தை முன்பே பிளேடால் வட்டமாக வெட்டிவிடுங்கள். ஏறாவிட்டால் உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டுத் தள்ளுங்கள், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். தடிமன் இங்கே பெரிய விஷயம். அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனமும் கலிபோர்னியாவும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டி, முழுக் கையால் பிடிக்கும் பிடிக்கு ஒன்றேகால் முதல் இரண்டு இஞ்சி விட்டம் சொல்கிறது. மெல்லிய குழாயைப் பிடிக்க விரல்கள் முழுவதும் மடிய வேண்டும், வீங்கிய மூட்டுகளுக்கு அதுதான் நோவு. நம் அம்மாமாரின் கை சிறியது, ஒன்றேகால் இஞ்சியை ஒட்டி வைத்தால் நல்லது. கிரிப் போதாவிட்டால் மேலே சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றுங்கள். ஈரக் கைக்கு அதைப் போலப் பிடிப்புத் தருவது வேறில்லை.

வரிசை இது. ஹோஸ், நிப்பிள், வால்வு, வால்வ் சொக்கட், கிரிப் போட்ட நீளப் பைப், வளைவு, சின்னப் பைப், இரண்டாவது வால்வ் சொக்கட், ஷவர் தலை. பிவிசியும் பிவிசியும் சேரும் இடத்தில் மட்டும் கம். மரை உள்ள இடமெல்லாம் த்ரெட் சீல், மரை ஏறும் திசையிலேயே ஏழெட்டுச் சுற்று. பிளாஸ்டிக் மரையைப் பித்தளைக்குள் இறுக்கும்போது கையால் இறுக்கிவிட்டு, குறட்டால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். என் முதல் சொக்கட் அதற்கு மேல் இறுக்கியதால் நெடுக்காக வெடித்தது. கம் ஓர் இரவு காயட்டும்.

வால்வுக் கைப்பிடி எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். அம்மா வலது கையில் குழாயைப் பிடித்து, இடது உள்ளங்கையால் தள்ளுவா. ஒரு கை மட்டும் இயங்குபவர் என்றால் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதே பக்கத்துக் கையால் தள்ளலாம், அல்லது கைப்பிடியை மதில் ஓரத்தில் சாய்த்துத் தள்ளலாம். இரண்டையும் செய்து பார்த்து, எது வருகிறதோ அதற்கேற்ப வால்வைச் சுற்றி வையுங்கள்.

முப்பரிமாண அச்சில் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு சொல். வால்வுக் கைப்பிடிக்கு மேல் மாட்டும் அகலமான உறை, கிரிப் போன்றவற்றை அச்சிடுங்கள். அழுத்தம் தாங்கும் பகுதியையும் மரையையும் அச்சிட வேண்டாம், அடுக்குகளுக்கு நடுவால் தண்ணீர் கசியும். அச்சில் வழக்கமாகப் பாவிக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை வெப்பத்திலேயே தளர்ந்துவிடும், மத்தியான வெயிலில் சீமெந்துத் தரையில் கிடந்தால் கோணிப்போகும். பெட்-ஜி பிளாஸ்டிக் எடுத்தால் பரவாயில்லை.

சோதித்துப் பார்த்தல்

முதலில் போத்தல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வால்வுக் கைப்பிடியின் நுனியில் பை கட்டி, எத்தனை போத்தலில் திறக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு ஒன்றரைப் போத்தல், அதாவது முக்கால் கிலோ. அதன்பின் உரியவரிடம் கொடுத்துவிட்டு, எப்படித் திறப்பது என்று சொல்லாமல் ஒதுங்கி நில்லுங்கள். கேள்வி கேட்டால் அந்த இடத்தில் வடிவமைப்புச் சரியில்லை. அம்மா முதல் நாள் கைப்பிடியைத் தவறான பக்கம் தள்ளினா. நான் வால்வுக்குப் பக்கத்தில், திறக்கும் திசையில் ஒரு பச்சை டேப் ஒட்டினேன், அவ்வளவுதான். சோப்புக் கையாலும் சோதியுங்கள், மற்றக் கையாலும் சோதியுங்கள், கால் மணி நேரம் முழுவதும் சோதியுங்கள். இரண்டு நிமிடத்தில் எந்த நொசிலும் நன்றாகத்தான் இருக்கும்.

மூடிய பின் ஒழுகுவதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வால்வு கைக்குப் பின்னால் இருப்பதால், அதற்கு முன்னால் குழாயில் இருக்கும் தண்ணீர் மூடிய பின்னும் வடியும். 60 செ.மீ. குழாயில் அது ஏறக்குறைய 130 மில்லிலீட்டர், ஒரு பிளேன்டீக் கோப்பை அளவு. கடைசிச் சட்டிக்கு முன்பே மூடிவிட்டு மிச்சத்தை அதில் வடிய விடுங்கள். நம் ஊரில் இதை அலட்சியமாக விட முடியாது. சட்டிக்குக் கீழே தட்டில் தேங்கும் தண்ணீர்தான் டெங்கு நுளம்புக்கு வேண்டிய இடம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பது அந்தத் தட்டுகளைத்தான். தட்டுகளை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

வீதிக் குழாய் அழுத்தத்தில் பாவிப்பவர்கள் வால்வை மெதுவாக மூடுங்கள். பட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டிக் குழாய் அதிரும். யாராக இருந்தாலும் வேலை முடிந்ததும் டெப்பையும் மூடி, வால்வைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிடுங்கள். அழுத்தத்தோடு வெயிலில் கிடக்கும் ஹோஸ் உப்பி வெடிக்கும். உள்ளே நிற்கும் தண்ணீரும் கொதித்துப்போயிருக்கும், அடுத்தமுறை முதல் வருவது அதுதான்.

எங்கள் வீட்டில் இப்போது தண்ணீர் விடும் நேரம் குறையவில்லை, அம்மா அதை விரும்பித்தான் செய்கிறா. ஆனால் கை மாற்றுவது ஒன்பதிலிருந்து இரண்டாகிவிட்டது. சட்டிகளுக்கு நடுவில் வால்வை மூடுவதால் தரைக்கு ஓடும் தண்ணீரும் நின்றுவிட்டது.

புதிதாக ஏதாவது கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று தோன்றினால், மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு முன் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே காப்புரிமைக் காலம் 20 வருடம். நான் செய்தது ஏற்கெனவே உள்ள சாமான்களைக் கோத்ததுதான், யாரும் எடுத்துச் செய்யலாம்.

இதைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்கா தனக்கும் ஒன்று கேட்டா. நீளமும் கிரிப்பும் அதேதான், தலை மட்டும் வேறாக இருக்க வேண்டியிருந்தது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஆற்றிலும் குளத்திலும் இருந்து வருவது. அங்கே கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவது, துளைகளில் வெள்ளையாகப் படியும். ஆகவே அங்கே உள்ளவர்கள் துளையை 1.2 மி.மீ. ஆக்கி, எண்ணிக்கையைக் குறைத்து, ரப்பர் முனை உள்ள தலையையே போடுங்கள். மாதம் ஒரு தடவை தலையைக் கழற்றி ஓர் இரவு வினாகிரியில் ஊற விட்டு, காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்து மாட்டினால் போதும்.